பீலியிலிருந்து துருவேறா உருக்கு வரை

மலைநாட்டில் தண்ணீருக்குக் குறை உண்டு என்று கூறினால் சமவெளியில் வாழ்வோர் எளிதில் நம்பார். அட்டனிலிருந்து தலவாக்கலை நோக்கிச் செல்லும் புகையிரதம் சிங்கமலைச் சுரங்கத்தின் இருளைக் கடந்து வெளியே வந்ததும் கொட்டகலை கண்ணுக்குத் தோன்றுகின்றது. திரும்பிய திசையெல்லாம் தேயிலைச் சரிவுகள். சரிவுகளின் மடிப்புகளில் ஓடைகள். சிறிது தூரத்தில் டெவன், சென் கிளயர் எனப் பெயர் பெற்ற அருவிகள். தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் மழை வாரக்கணக்கில் நின்று பெய்யும். ஆயினும் மலையில் விழுகின்ற நீர் வேறு, வீட்டுக்கு வருகின்ற நீர் வேறு. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது குழாய். அக்குழாய் எப்பொருளால் ஆனது, யார் வீட்டுக்கு வந்தது, எத்தனை காலம் நிலைத்தது என்ற மூன்று வினாக்களுக்கு விடை தேடினால், பெருந்தோட்டங்களின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி விளங்கும்.

நீரைக் குழாயில் கொண்டுசெல்லும் கலை இப்பிரதேசத்துக்குப் புதியதன்று. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அமைத்த சிகிரியாவின் பூங்காவில், நிலத்தடி வாய்க்கால்களின் வழியே வந்த நீர் தன் அழுத்தத்தினாலேயே ஊற்றாய் எழுந்தது. மழைக்காலத்தில் அவ்வூற்றுகள் இன்றும் உயிர் பெறுவதுண்டு. தமிழகத்தின் கீழடியில், ஒன்றோடொன்று பொருந்தும் சுடுமண் குழாய்கள் அகழ்வாராய்ச்சியில் வெளிப்பட்டுள்ளன. மண்ணைச் சுட்டுக் குழாயாக்கிய அக்காலத்தவருக்கு நீரின் இயல்பு நன்கு தெரிந்திருந்தது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இம்மலைகளுக்கு அழைத்து வரப்பட்ட மக்களுக்குக் கிடைத்தது சுடுமண் குழாயும் அன்று, கல் வாய்க்காலும் அன்று. அவர்களுக்குக் கிடைத்தது மூங்கில்.

மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, கணுக்களைச் செதுக்கி நீக்கி, ஊற்றின் வாயில் பொருத்திவிட்டால் நீர் ஒரு தாரையாக விழும். அதுவே பீலி. பீலி விழும் இடம் பீலிக்கரை. குடிக்க, குளிக்க, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரே இடந்தான். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குச் செல்வதற்கு முன்னர்க் குடத்தையும் வாளியையும் நிரப்பி ஏற்றத்தில் சுமந்து வருவது பெண்களின் வேலையாயிற்று. நாள் முழுவதும் கூடையில் கொழுந்து சுமந்த அதே உடல், காலையிலும் மாலையிலும் தண்ணீரையும் சுமந்தது. இச்சுமைக்குச் செக்ரோலில் பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை.

1869 ஆம் ஆண்டில் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிராக்கத் தொடங்கியிருந்தார். கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. புகையிரதப் பாதை 1874 இல் நாவலப்பிட்டியையும், 1884 இல் அட்டனையும், 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. அதுவரை மாட்டு வண்டியில் வளைந்து வளைந்து ஏறி வந்த பாரங்கள் இப்பொழுது புகையிரத வண்டியில் வந்தன. அவற்றுள் தேயிலை அரைக்கும் இயந்திரங்கள் இருந்தன, கூரைத் தகடுகள் இருந்தன, இரும்புக் குழாய்களும் இருந்தன.

இரும்புக் குழாய் முதலில் நாடிச் சென்ற இடம் தொழிற்சாலை. கோப்பியைப் போலன்றித் தேயிலை பறித்த அன்றே பதனிடப்பட வேண்டிய பொருள். ஆகவே தோட்டந்தோறும் தொழிற்சாலை வேண்டும், தொழிற்சாலைக்கு விசை வேண்டும். மலையுச்சி ஓடையைக் குழாயில் அடைத்து இறக்கினால் அந்நீர் சில்லைச் சுழற்றும். அடுத்து இரும்புக் குழாய் சென்ற இடம் துரையின் பங்களா. அதன் பின்னர் உத்தியோகத்தரின் விடுதிகளும் தோட்டத்து ஆஸ்பத்திரியும். லயத்துக்கு வந்தபோது அது பெரும்பாலும் லயத்தின் கோடியில் நின்றுவிட்டது. வரிசைக் காம்பராக்கள் அனைத்துக்கும் பொதுவாக ஒரு குழாய். பீலிக்கரை சற்று அருகில் வந்ததே தவிர வீட்டுக்குள் வரவில்லை.

அரசாங்கம் இதனை அறியாதிருந்ததென்று கூற இயலாது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதி குறித்து 1872 இலும், மீண்டும் 1912 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1916 அளவில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களில் தொடங்கியது. மலசலகூடமும் தூய நீரும் இல்லாத இடத்தில் மருந்து மட்டும் பயன் தராது என்பது அந்நாளில் ஐயமின்றித் தெரியவந்தது. எனினும் சட்டம் ஏட்டிலிருந்து லயத்துக்கு நடந்துவர நெடுங்காலம் பிடித்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவனின் வாசலுக்குக் குழாய் கேட்டுச் சபையில் எழுந்து பேசுவார் யார்? குடியுரிமை படிப்படியாகத் திரும்பிய பின்னரும் ஒரு தடை எஞ்சியது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தம் நிதியைத் தாராளமாகச் செலவிட இயலாதிருந்தது. தோட்டத்தைச் சுற்றிய கிராமத்துக்குச் செய்யத்தக்க பணியைத் தோட்டத்துக்குச் செய்யக்கூடாதென்ற அந்த நிலை 2018 ஆம் ஆண்டின் திருத்தத்தினால் மாறியது. அதே ஆண்டுத் தேர்தலின் வழியாகக் கொட்டகலைக்கெனத் தனியாக ஒரு பிரதேச சபையும் அமைந்தது.

இங்கேதான் குழாயின் பொருள் பற்றிய வினா முக்கியமாகின்றது. ஒரு முறை குழாய் வருவதற்கே நூறாண்டு காத்திருந்த இடத்தில், வந்த குழாய் பத்தாண்டில் பழுதானால் அதனை மாற்றுவதற்கு இன்னும் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? ஆகவே எது மலிவு என்று கேட்பதோடு எது நிலைக்கும் என்றும் கேட்க வேண்டியிருக்கின்றது.

இரும்பின் பகைவன் துரு என்பதைக் குழந்தையும் அறியும். 1837 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு சோரல் என்பவர் இரும்புக்கு நாகப் பூச்சிடும் முறைக்கு உரிமை பெற்றார். நாகம் தன்னை இழந்து இரும்பைக் காக்கும். நாகம் பூசிய குழாயே நெடுங்காலம் உலகெங்கும் வீடுகளில் வழங்கியது. ஆனால் அக்குழாயின் ஆயுள் அதற்குள் ஓடும் நீரின் குணத்தைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் போன்ற சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர், குழாயின் உட்புறத்தில் மெல்லிய படிவொன்றை ஏற்படுத்தும். அப்படிவு மிகுந்தால் குழாய் அடைபடும், அளவோடு இருந்தால் அதுவே உலோகத்துக்குக் கவசமாகும். மலைநாட்டு நீரோ கடும்பாறைகளின் மேல் விரைந்து ஓடிவரும் மென்மையான நீர். சவர்க்காரம் எளிதில் நுரைக்கும், தேநீர் நல்ல நிறமும் சுவையும் தரும். ஆனால் அதற்குக் கவசப் படிவை ஏற்படுத்தும் ஆற்றல் இல்லை. சிறிது அமிலத் தன்மையும் சேர்ந்தால் நாகத்தை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். நாகம் போன பின் இரும்பு துருவேறும். துரு உட்புறத்தில் முடிச்சு முடிச்சாக வளர்ந்து வழியைக் குறுக்கும். காலையில் குழாயைத் திறந்ததும் செந்நிற நீர் வருவதன் காரணம் இதுவே.

மென்னீர் எத்துணைத் தீங்கு செய்யவல்லது என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. உரோமர் ஈயத்தால் குழாய் செய்தனர். ஆங்கிலத்தில் குழாய் வேலை செய்பவரைக் குறிக்கும் சொல்லே ஈயத்தின் இலத்தீன் பெயரிலிருந்து பிறந்தது. ஈயக் குழாயைவிட மண் குழாயே நலம் என்று உரோமக் கட்டடக் கலைஞர் வித்துருவியசு அக்காலத்திலேயே எழுதி வைத்தார். எனினும் வளைப்பதற்கு எளிது என்ற காரணத்தால் ஈயம் பல நூற்றாண்டு நிலைத்தது. 1880களில் இங்கிலாந்தின் செபீல்ட் நகரில் ஈய நஞ்சு நோய் பரவியது. மேட்டுநிலச் சதுப்புகளிலிருந்து வந்த மென்மையான அமில நீர், வீட்டு ஈயக் குழாய்களைக் கரைத்து மக்களின் உடலில் சேர்த்திருந்தது. நீரில் அமிலத்தைத் தணித்த பின்னரே நோய் தணிந்தது. குழாய் என்பது வெறும் வழியன்று, நீரோடு கலந்து உறவாடும் பொருள் என்ற பாடத்தை அந்நகரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

வரலாற்றின் விந்தை யாதெனில், அதே செபீல்ட் நகரிலேயே நோய்க்கு மாற்றாகத் தக்க உலோகமும் பின்னர்த் தோன்றியது. 1913 ஆம் ஆண்டில் ஹரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழலின் தேய்வைக் குறைக்கும் நோக்கத்தோடு பல உருக்குக் கலவைகளை ஆராய்ந்தார். அவற்றுள் நூற்றுக்குப் பதின்மூன்று பங்களவு குரோமியம் சேர்ந்த ஒன்று, அமிலத்துக்கும் ஈரத்துக்கும் இணங்காமல் பளபளப்போடு நின்றது. கத்தி செய்யும் தொழிலுக்குப் பேர்போன அந்நகரம் முதலில் தயங்கினும் பின்னர் அதன் மதிப்பை உணர்ந்தது. அதற்குச் சற்று முன்னர், 1912 இல், ஜெர்மனியின் எசன் நகரில் குரூப் தொழிற்சாலையின் ஆராய்ச்சியாளர் குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்த உருக்கை உருவாக்கியிருந்தனர். நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கொண்ட வகையே இன்று மிகுதியாக வழங்குகின்றது.

இவ்வுலோகத்தின் முன்கதையில் நம் நாடுகளுக்கும் பங்குண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பண்டைக் காலத்தில் செய்யப்பட்ட உருக்கு மேனாட்டாரை வியக்க வைத்த பொருள். கொங்கு நாட்டுக் கொடுமணலில் அத்தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. இலங்கையின் மத்திய மலைகளுடைய தென்சரிவில், சமனலவெவைப் பகுதியில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகள் கண்டறியப்பட்டன. கொட்டகலையின் கூரைகளை அசைக்கும் தென்மேற்குக் காற்றுத்தான் அவ்வுலைகளையும் ஊதியது. தென்னிந்திய உருக்கின் இரகசியத்தை அறிய விரும்பிய மைக்கேல் பரடே, கத்தித் தொழில் வல்லுநர் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து, உருக்கில் பிற உலோகங்களைக் கலந்து பார்த்தார். 1822 இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில் குரோமியம் கலந்த உருக்கும் இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டில் பிரான்சில் பெர்தியே என்பவரும் அத்தகைய கலவை அமிலத்தை எதிர்க்கும் என்று கண்டிருந்தார். அவ்விதை முளைத்துப் பயன்தர ஏறத்தாழ நூறாண்டு சென்றது.

துருவேறா உருக்கு துருவேறாமல் இருப்பதன் காரணம் எளிதானது. அதிலுள்ள குரோமியம் காற்றிலும் நீரிலும் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமொன்றை ஏற்படுத்துகின்றது. நாகப் பூச்சு புறத்தேயிருந்து பூசப்படுவது, தேய்ந்தால் போயிற்று. இப்படலமோ உலோகத்திலிருந்தே பிறப்பது. கீறினால் கீறிய இடத்தில் மீண்டும் தோன்றும். ஆகவே கவசத்துக்காக நீரிலுள்ள சுண்ணாம்பை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மென்னீருக்கு இவ்வுலோகம் ஏற்றது என்று கூறுவதன் அடிப்படை இதுவே.

தமிழ் மக்களுக்கு இவ்வுலோகம் அந்நியமன்று. எவர்சில்வர் என்ற செல்லப் பெயரோடு அது அடுக்களைக்குள் புகுந்துவிட்டது. 1980களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையின் தகடுகள் தமிழகத்துப் பாத்திரங்களாயின. மலைநாட்டிலும் மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் குடம் எவர்சில்வர் குடமாயிற்று. தண்ணீரைச் சுமக்கும் பாத்திரம் துருவேறா உருக்காகிவிட்டது, தண்ணீரைக் கொண்டுவரும் குழாய் மட்டும் பழைய நிலையிலேயே இருந்தது.

வேறு நாடுகளில் அக்குழாயும் மாறியது. 1960களில் செம்பின் விலை உயர்ந்தபோது பிரித்தானியாவில் வீட்டுக் குழாய்களுக்கு இவ்வுருக்கைப் பயன்படுத்தத் தலைப்பட்டனர். ஸ்கொத்லாந்தின் அனுபவம் மலைநாட்டுக்கு இன்னும் நெருங்கியது. அந்நாட்டு மலைநீரும் மென்னீரே. அங்கே சில மருத்துவமனைகளில் செம்புக் குழாய்கள் உட்புறம் குழி விழுந்து ஒழுகத் தொடங்கின. 1990களில் அவற்றுக்கு மாற்றாக மொலிப்தினம் சேர்ந்த துருவேறா உருக்குக் குழாய்கள் பொருத்தப்பட்டன. தோட்டங்களுக்குத் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டிய துரைமாருள் ஸ்கொத்லாந்தினர் பலர். அவர்கள் நாட்டின் நீருக்குக் கண்ட மருந்து, அவர்கள் பெயரிட்ட தோட்டங்களின் நீருக்கும் பொருந்துவது வியப்பன்று.

ஜப்பானின் தலைநகரான டோக்கியோவின் கதை இன்னும் பெரிது. 1980 அளவில் அந்நகரின் குடிநீரில் நூற்றுக்குப் பதினைந்து பங்களவு ஒழுகி மண்ணில் மறைந்தது. தெருக் குழாயையும் வீட்டையும் இணைக்கும் சிறு குழாய்களிலேயே பழுது மிகுதி என்பதைக் கண்டனர். ஈயத்தாலான அச்சிறு குழாய்களை அகற்றித் துருவேறா உருக்குக் குழாய்களைப் படிப்படியாகப் பதித்தனர். ஒழுக்கைத் தேடிக் கண்டறியும் பணியும் உடன் நடந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இழப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே குறைந்தது. விலையுயர்ந்த குழாய், தன் விலையைத் தானே மீட்டுத் தந்தது.

ஒழுக்கு நீரை இழக்கச் செய்வதோடு நிற்பதில்லை. நாள் முழுவதும் நீர் ஓடாத குழாயில், நீர் நிற்கும் வேளையில் அழுத்தம் குறைகின்றது. அப்போது வெடிப்பின் வழியே புறத்தேயுள்ள அழுக்கு நீர் உள்ளே உறிஞ்சப்படுகின்றது. லயத்தின் கான் ஓரமாகச் செல்லும் குழாயில் இது நேர்ந்தால் விளைவு வயிற்றோட்டமும் செங்கமாரியும் ஆகும். நோய் முதலில் தீண்டுவது பிள்ளை மடுவத்திலுள்ள குழந்தைகளை. ஆகவே ஒழுகாத குழாய் என்பது சிக்கனத்தின் பொருட்டு மாத்திரம் வேண்டப்படுவதன்று.

இன்று தோட்டங்களில் மிகுதியாக வழங்குவது பீ.வி.சி. குழாய். அது மலிவானது, இலேசானது, துருவும் ஏறாது. ஊற்றிலிருந்து தாங்கிக்கு நெடுந்தூரம் மண்ணுக்குள் புதைத்துச் செல்வதற்கு அதுவே ஏற்றது. ஆனால் தேயிலை மலையின் குறுக்கே மண்ணின் மேலாகக் கிடக்கும்போது வெயிலில் நொறுங்கும் தன்மை அடையும், மண்வெட்டி பட்டால் உடையும். செங்குத்தான மலையில் 33 அடி இறக்கத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் ஏறிக்கொண்டே போவதால், இடையில் அழுத்தந் தணிக்கும் தொட்டி இல்லையேல் மூட்டுகள் பிரிந்துவிடும். குளிர்நாட்டில் வெந்நீர் இன்றியமையாதது. கொதிநீரின் அருகே அக்குழாய் இளகிவிடும். துருவேறா உருக்குக்கு இக்குறைகள் இல்லை. மெல்லிய சுவரோடு பேரழுத்தத்தைத் தாங்கும், வெந்நீருக்கும் தண்ணீருக்கும் ஒன்றுபோல் உழைக்கும், நீரின் சுவையை மாற்றாது. முறையாகப் பொருத்தினால் அரை நூற்றாண்டுக்கு மேலும் நிலைக்கும் என மதிப்பிடுவர். பயன்படுத்திய பின்னரும் உருக்கி மீண்டும் உலோகமாக்கலாம்.

எனினும் அதுவும் குறையற்றதன்று. முதல் விலை பன்மடங்கு அதிகம். குளோரைட்டு மிகுந்த நீரில், சிறப்பாக மூட்டுகளின் இடுக்குகளில், அதுவும் அரிக்கப்படும். கடற்கரை ஊர்களில் வகையறிந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும். நாகம் பூசிய பழைய குழாயோடு நேரே இணைத்தால் பழைய குழாய் விரைந்து அழியும். ஆகவே இடையே உலோகமல்லாத இணைப்பு வேண்டும். கைதேர்ந்த தொழிலாளர் வேண்டும். உலோகம் விலைபோகும் பொருளாதலின் திறந்த வெளியில் களவுபோகும் அச்சமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வுலோகக் குழாயும் நீரைத் தூய்மையாக்குவதில்லை. ஊற்றுக்கு மேலே குடியிருப்போ கால்நடைத் தொழுவமோ மருந்து தெளித்த மலையோ இருந்தால், மிகச் சிறந்த குழாயும் அந்த அழுக்கையே ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கும். ஊற்றைக் காத்தலும் நீரை வடித்துக் கிருமி நீக்குதலும் முதற்கடமை, குழாய் அதற்கு அடுத்தது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தால் நடுவழி ஒன்று தெரிகின்றது. மலையிலிருந்து இறங்கும் நெடுங்குழாய் ஆழப் புதைத்த பீ.வி.சி. ஆகவே இருக்கட்டும். ஆனால் தோட்டத்து ஆஸ்பத்திரி, பாடசாலை, பிள்ளை மடுவம், தொழிற்சாலை ஆகிய கட்டடங்களின் உட்புறக் குழாய்களும், தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் சிறு குழாயும் துருவேறா உருக்கால் அமைதல் பொருத்தம். பழுது மிகுதியாக நேர்வதும், சுவரை உடைத்துத் திருத்துவது கடினமாவதும் அவ்விடங்களிலேதான். லயங்கள் போய்த் தனி வீடுகள் எழும் காலம் இது. ஒரு வீடு எழும்போது அதன் சுவருக்குள் வைக்கும் குழாய் அவ்வீட்டில் பிறக்கும் பிள்ளையின் பிள்ளை காலம்வரை அங்கே இருக்கப்போவது. அதனை ஒப்பந்தகாரரின் அன்றைய இலாபம் தீர்மானிக்க விடலாகாது.

பீலி மூங்கில் சில ஆண்டில் மக்கிப்போயிற்று. இரும்புக் குழாய் துருவேறி உதிர்ந்தது. இரண்டுக்கும் இடையே தலைமுறைகள் பல குடம் சுமந்து தேய்ந்தன. தேயிலைக்கு வேண்டிய நீர் தடையின்றி வந்த மலையில், தேயிலை பறித்தவருக்கு வேண்டிய நீர் தாமதித்தது தொழில்நுட்பத்தின் குறையால் அன்று. சில்லைச் சுழற்ற மலையுச்சியிலிருந்து குழாய் இறக்கத் தெரிந்தவர்களுக்கு, லயத்துக்கு இறக்கத் தெரியாமற் போகவில்லை. இன்று வாக்குரிமை உண்டு, சபை உண்டு, சட்டத்தின் தடையும் நீங்கியிருக்கின்றது. நிலைத்து நிற்கும் குழாயைக் கேட்டுப் பெறுவது இனித் தயவன்று, குடிமக்களின் உரிமை.